களத்துமேட்டு அகிம்சை

ஏர் பூட்டுவது பாவமா என்ற கேள்வி இந்த மண்ணில் மிகப் பழையது. கொழு மண்ணைக் கீறிக்கொண்டு போகும்போது மண்புழுவும் எறும்பும் வண்டும் சாகின்றன. அப்படியென்றால் ஊருக்குச் சோறு போடுகிறவன் கொலைப்பழிக்கு ஆளாகிறானா? பௌத்த பிக்குகள் மண்ணைத் தோண்டக் கூடாது என்று அவர்களுடைய ஒழுங்கு நூலான விநயம் விதித்தது. சமணத் துறவிக்கும் உழவு விலக்கு. வடநாட்டுச் சமணர் பலர் வணிகத்தின் பக்கம் போனதற்கு இந்த உறுத்தலையும் ஒரு காரணமாகச் சொல்வது வழக்கம். தமிழ்ச் சமணர்கள் நிலத்தை விடவில்லை. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் நயினார் என்று அழைக்கப்படும் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் உழவர்களாகவே இருந்துவருகின்றன. மேல்சித்தாமூர்ச் சமண மடத்தை வணங்குகிறவர்கள் நெல்லும் மணிலாவும் விளைவிக்கிறவர்கள்தான். உழுதுகொண்டே அகிம்சையைக் காப்பது எப்படி என்று யோசித்தே ஆகவேண்டிய நிலை அவர்களுக்கு. அந்த யோசனை பெரும்பாலும் கொழுவுக்குக் கீழே சாகும் உயிரைப் பற்றியே நடந்தது. கொழுவுக்குப் பின்னால் நிற்கிறவன், பக்கத்து வயலில் குனிந்து களை பறிக்கிறவள், டிராக்டர் மட்கார்டில் தொற்றிக்கொண்டு வரும் பையன் ஆகியோரின் உடம்பு இந்த விவாதத்துக்குள் அவ்வளவாக வரவில்லை. ஆனால் அந்தத் தத்துவத்தை ஊன்றிப் பார்த்தால், புழுவைப் பற்றிச் சொல்வதைவிட இவர்களைப் பற்றித்தான் அது கறாராகப் பேசுகிறது. குடும்ப நிலத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தைத் திருத்தாமல் விட்டுவைப்பது, யாருக்கும் ஒன்றும் நேராத நாளிலும், அகிம்சையை மீறுவதே. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

சமண இல்லறநெறி இம்சையை நான்காகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்வது, வீட்டுவேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தான் அறவே விட வேண்டும். மற்றவற்றை முழுதாக விட முடியாது என்பதை நெறி ஒப்புக்கொள்கிறது. முடிந்த மட்டும் குறைக்கச் சொல்கிறது. எதைக் கொண்டு குறைப்பது என்பதற்கு விடை, உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்குக் கொடுக்கும் இலக்கணத்தில் இருக்கிறது. உயிர் போனதை மட்டும் வைத்து அந்த நூல் இம்சையை வரையறுப்பதில்லை. கவனம் தவறிய செயலால் உயிர் போவதே இம்சை என்கிறது. சமண ஆசாரியர் குந்தகுந்தர் இதிலிருந்து இன்னும் ஓர் அடி முன்னே போகிறார். அவர் தவம் செய்த இடமாகத் தமிழ்ச் சமணர் போற்றும் பொன்னூர் மலை வந்தவாசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எதிரே உள்ள உயிர் செத்தாலும் பிழைத்தாலும் கவனமற்று நடப்பவனுக்கு இம்சை உறுதி, கவனத்தோடு நடப்பவனை வெறும் உயிரிழப்பு வினையில் பிணைக்காது என்பது பிரவசனசாரத்தில் அவர் எடுக்கும் நிலை. இம்சையின் வேரை விளைவிலிருந்து பிடுங்கி நடத்தையில் ஊன்றிய கருத்து இது.

இதன் கனம் களத்துக்கு வந்தால்தான் தெரியும். ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கதிரடிக்கும் மெஷினுக்குள் கையாலேயே தாளைத் தள்ளிவருகிறார். விரல் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. நம் வழக்கமான கணக்கில் அவர் கெட்டிக்காரர். குந்தகுந்தர் கணக்கில் அவர் இருபது ஆண்டுகளாக விரதம் முறித்துவருகிறவர். இன்றைய தொழிற்பாதுகாப்பு வல்லுநர்களும் தங்கள் மொழியில் இதையேதான் சொல்கிறார்கள்: மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எண்ணாமல் செத்தவர்களை மட்டும் எண்ணுகிற தொழிலகம் தன் ஆபத்தை ஒருபோதும் அறியாது. பக்தி நூலும் பொறியியல் கையேடும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. நற்பலனை நன்னடத்தைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டும் தனித்தனி வழியில் கற்றுக்கொண்டிருக்கின்றன.

ஒரே ஒரு பொருளைக் கிட்டத்தில் பார்ப்போம். டிராக்டரின் பின்புறத்திலிருந்து ரோட்டவேட்டருக்கோ கதிரடிக்கும் மெஷினுக்கோ சுழற்சியைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். நொடிக்கு 9 சுற்று. தண்டின் குறுக்களவு 5 சென்டிமீட்டர்தான் என்று வைத்தாலும், அதில் சிக்கிய துணியை ஒரு நொடிக்குள் ஏறக்குறைய 1.4 மீட்டர் உள்ளே இழுத்துவிடும். முந்தானை நுனியோ வேட்டிக் கரையோ தோள் துண்டோ பட்டால் போதும். பட்டதை மூளை உணர்ந்து கை எட்டுவதற்குள் துணி முடிந்து உடம்பு தொடங்கிவிடுகிறது. இதைத் தடுக்க அந்தத் தண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். கிரீஸ் வைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று முதல் பருவத்திலேயே கழற்றுவார்கள். அல்லது வெயிலில் வெடித்து விழுந்தபின் வேறு வாங்கமாட்டார்கள். கழற்றிய நாளில் யாருக்கும் எதுவும் நடக்காது. அடுத்த நூறு நாளும் நடக்காமல் இருக்கலாம். அந்த நூறு நாளை என்னவென்று சொல்வது என்பதுதான் இங்கே தத்துவக் கேள்வி. அதிர்ஷ்டம் என்பது ஒரு விடை. மாட்டப்படாத உறைக்குள் இம்சை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பது சமணத்தின் விடை.

இந்தக் கேள்வி சட்டத்தின் வேலை, சமயத்துக்கு இங்கே என்ன இடம் என்று கேட்கலாம். சட்டம் வரப்போடு நின்றுவிடுகிறது என்பதுதான் பதில். வேளாண்மை, கட்டுமானம், சுரங்கம் ஆகிய மூன்றும்தான் உலகின் மிக ஆபத்தான தொழில்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணிப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 1,70,000 விவசாயத் தொழிலாளர்கள் வேலையில் சாகிறார்கள் என்றும் அது சொல்லிவருகிறது. வேளாண்மைப் பாதுகாப்புக்கென்று 2001-இல் அந்த அமைப்பு கொண்டுவந்த 184-ஆம் உடன்படிக்கை, வீட்டுத் தேவைக்காகப் பயிரிடுவதைத் தன் வரையறைக்கு வெளியே வைத்தது. இந்தியாவில் 2020-இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே மனத்தில் கொண்டது. அமெரிக்காவிலும் பத்துப் பேருக்கு மேல் கூலியாள் இல்லாத பண்ணைக்குள் பாதுகாப்பு ஆய்வாளர் நுழைவதில்லை. குடும்பத்தினர் அந்தக் கணக்கிலேயே சேரமாட்டார்கள். இதற்கு நியாயமும் உண்டு. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டுக்கு ஆய்வாளரை அனுப்ப எந்த அரசாலும் ஆகாது. அனுப்பினால் அது தொல்லையாக மாறவும் கூடும். ஆக, முதலாளியும் மேற்பார்வையாளரும் தொழிலாளியும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் அவரைக் கேள்வி கேட்க அவருடைய மனசாட்சியைத் தவிர வேறு அதிகாரி இல்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் அறம் மட்டுமே மிச்சம். அந்த அறத்துக்கு உள்ளடக்கம் வேண்டும்.

பாசமே போதிய காவல் என்று தோன்றலாம். சொந்தப் பிள்ளையை யாராவது ஆபத்தில் தள்ளுவார்களா? கிணற்றுச் சாவுகள் இந்த நம்பிக்கையைக் குலைக்கின்றன. தூர் வார இறங்கியவர் மயங்கி விழுகிறார். தூக்கப் போன தம்பி விழுகிறார். அவரைப் பார்த்து மகன் இறங்குகிறான். நாளிதழ் வாசகருக்குப் பழகிப்போன செய்தி இது. காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் பாதிக்கும் கீழே போயிருக்கலாம். காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு அங்கே தேங்கியிருக்கும். நீர் இறைக்க டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்ளும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். சுடர் அணையவில்லை என்பது இறங்குவதற்கு உத்தரவாதம் ஆகாது. இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறங்கியவர்களைக் கொன்றது பாசம்தான் என்று சொன்னால் கொடுமையாகத் தோன்றும், ஆனால் உண்மை. கயிற்றைக் கட்டிக்கொள்ளாமல், காற்றை உள்ளே செலுத்தாமல், மேலே ஆள் நிறுத்தாமல் எவரும் இறங்கக் கூடாது என்று குடும்பம் முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் முதல் ஆளும் பிழைத்திருக்கலாம். பதறிய பிறகு அந்த முடிவை எடுக்க எந்த மனத்தாலும் முடியாது. அன்பு அறமாக வேண்டுமானால் அது ஆபத்து வருவதற்கு முன்பே நிபந்தனையாகச் சமைந்திருக்க வேண்டும்.

குடும்பம் என்ற சொல் இன்னொன்றையும் மறைக்கிறது. ஆபத்தை ஏற்பதென்று முடிவெடுப்பவர் ஒருவர். அதைச் சுமப்பவர் பெரும்பாலும் வேறொருவர். மெஷினின் உறையைக் கழற்றச் சொன்னவர் வீட்டுப் பெரியவர். அதன் பக்கத்தில் தாள் அள்ளுகிறவள் மருமகள், அல்லது ஊர்க் கோடியிலிருந்து வரும் கூலிப்பெண். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்று இடம் விட்டது. அபாயம் எது இல்லை எது என்று வயலில் நின்று தீர்மானிப்பவர் அப்பாதான். இங்கே சமண நெறி வியப்பூட்டும் துல்லியத்தோடு பேசுகிறது. இல்லறத்தாரின் அகிம்சை விரதத்துக்கு ஐந்து மீறல்களை அது பட்டியலிடுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க முடியாத பாரம் ஏற்றுதல், உரிய நேரத்தில் சோறு தண்ணீர் தராமல் நிறுத்துதல். இந்த நெறியைச் சொல்ல, வடமொழியில் சமந்தபத்திரர் எழுதிய இல்லறநெறி நூலைத் தழுவித் தமிழில் அருங்கலச்செப்பு என்றொரு கையேடே உண்டு. ஐந்தில் கடைசி இரண்டும் கொலையோ அடியோ இல்லை. அதிகச் சுமையும், வேளைக்கு வராத தண்ணீரும்தான். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுது வரை களை எடுக்கவைத்து, ஒதுங்க நிழலும் குடிக்க நீரும் தராதிருப்பதற்கு இதைவிட நேரான பெயர் கிடையாது. மாட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம் என்பார்கள். மாட்டுக்கு உள்ள காப்பு மருமகளுக்கும் கூலிக்காரிக்கும் இல்லை என்று வாதிட யார் துணிவார்?

இனி எதிர்வாதங்கள். முதலில் எழுவது விதி. தலையில் எழுதியது நடந்தே தீரும், உறையை மாட்டினால் மட்டும் மாறிவிடுமா என்பது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பிள்ளையை இழந்த வீட்டுக்கு அது ஆறுதல், அதைப் பறிக்க எவருக்கும் உரிமை இல்லை. வள்ளுவர் கையாண்ட வழி நிதானமானது. அறத்துப்பாலின் கடைசியில் 38-ஆம் அதிகாரமாக ஊழை வைத்தார். அதன் வலிமையை ஒளிக்கவில்லை. பிறகு பொருட்பாலுக்குள் புகுந்து, 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பாடி, விடாமுயற்சிக்கு முன் ஊழும் பின்வாங்கும் என்ற நிலைக்கு வந்தார். ஊழ் நடந்து முடிந்ததை ஏற்றுக்கொள்ளப் பயன்படும். நடக்க வேண்டியதைத் தீர்மானிக்கும் வேலையில் அதை உட்காரவைக்கக் கூடாது என்று அந்த வரிசையை நான் படிக்கிறேன். வரலாறும் இதற்குச் சாட்சி. டிராக்டர் கவிழ்ந்து அடியில் நசுங்கிச் சாவது ஒரு காலத்தில் உழவனின் விதியாகவே கருதப்பட்டது. சுவீடன் 1959-இல் புது டிராக்டர் ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கட்டாயம் என்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அங்கே அந்தச் சாவு அரிதாகிவிட்டது. விதி அதேதான் இருந்திருக்கும். மாறியது இரும்பு.

பாம்புக்கடியில் விதியின் பிடி இன்னும் இறுக்கம், ஏனென்றால் அங்கே தெய்வமும் வருகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுச் சராசரி 58,000 என்பது 2020-இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. பெரும்பாலும் கிராமத்தார், மழைக்காலத்தில் அதிகம். புற்றுக்குப் பால் வைப்பதற்கும் காலில் செருப்பில்லாமல் இருட்டில் மோட்டார் போடப் போவதற்கும் தொடர்பில்லை. நாகத்தை வணங்குகிறவர் டார்ச் விளக்கையும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸையும் வணக்கக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. கடிபட்ட பின் மந்திரிக்கப் போகும் ஒரு மணி நேரம்தான் பல உயிர்களின் விலை. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானைகளில் வைத்து, நஞ்சைக் கறந்து, சில வாரங்களில் உயிரோடு காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பும் பிழைக்கிறது, உழவனும் பிழைக்கிறான். பயபக்தி, தொழிலறிவு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பொய் என்பதற்கு அந்தச் சங்கத்தின் மண்பானைகளே போதும்.

இரண்டாவது எதிர்வாதம் பௌத்தத்திலிருந்து வரும். எல்லாவற்றிலும் வலுவானதும் அதுதான். எண்ணமே வினை, கெட்ட எண்ணமில்லாத இடத்தில் பழி எங்கிருந்து வரும்? மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தம் இந்த மோதலையே களமாகக் கொண்டது. நிகண்டர்கள் என்று அங்கே குறிக்கப்படும் சமணர்கள் உடலின் செயலைப் பெரிதாக்க, புத்தர் மனத்தின் செயலே பெரிதென்று நிறுவுகிறார். நடக்கும்போது தெரியாமல் சிற்றுயிர்கள் மிதிபடுவதைப் பற்றி அவர் கேட்க, எண்ணாமல் செய்ததை எண்ணிச் செய்ததற்குச் சமமாக்க முடியாது என்று நிகண்டர்களின் சீடரான உபாலியே ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. நியாயம்தான், மகன் கை போன அப்பாவைக் கொலைகாரனோடு நிறுத்துவது அறிவீனம். ஆனால் தெரியாமல் மிதிபட்ட எறும்பும் தெரிந்தே கழற்றிய உறையும் ஒன்றா? இரண்டாவதில் எண்ணம் இல்லாமல் இல்லை. கெடுதி செய்யும் எண்ணம்தான் இல்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதும் மனத்தின் செயலே. புத்தரின் கடைசி உரையாகப் பாலி மரபு காப்பாற்றிவைத்திருப்பது, தளராத விழிப்போடு முயலுங்கள் என்ற அறிவுரை. குறளிலும் 54-ஆம் அதிகாரமாகப் பொச்சாவாமை இருக்கிறது. மகிழ்ச்சி மிகுதியால் வரும் சோர்வை அது குறிப்பதாகப் பரிமேலழகர் விளக்குகிறார். பழகிய கை, நன்றாக ஓடும் மெஷின், முடியப் போகும் அறுவடை: விபத்துக்கு இவைதான் ஏற்ற நேரம் என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். விழிப்பின்மை குற்றம் என்பதில் மூன்று மரபும் பிரிவதில்லை. தண்டனையின் அளவில்தான் பிரிவு.

அடுத்தது அனுபவத்தின் வாதம்: தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம், எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டையும் மழையையும் பொறுத்தவரை இதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நொடிக்கு 9 சுற்று சுற்றும் தண்டைத் தாத்தா அறியமாட்டார். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் என்பதையும் அறியமாட்டார். டப்பாவின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று சாய்சதுரத்துக்குள் நிறமிட்டு நஞ்சின் கடுமையைக் காட்டும் முறை 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளோடு வந்தது. அந்த நிறங்களைப் படிக்க மரபு சொல்லித்தராது. 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து; அந்த மருந்து முன்பு இருந்த கலத்தில்தான் சமையல் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணை காட்டியது. காலி டப்பாவை வீணாக்காமல் கழுவி எடுத்துவைப்பது தலைமுறைச் சிக்கனம், பாராட்டத்தக்க குணம். கலத்தில் இருந்தது மாறிவிட்டது, குணம் மாறவில்லை. அந்த இடைவெளியில்தான் குழந்தைகள் விழுந்தார்கள். பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய் என்று சமணத் துறவிக்கு ஒரு தனி ஒழுக்கமே விதித்திருக்கிறார்கள். மருந்து டப்பாவைப் பூட்டிவைப்பதும், காலியானதை ஓட்டைபோட்டு அப்புறப்படுத்துவதும் அந்த ஒழுக்கத்தின் இன்றைய வடிவம்.

வறுமையின் வாதத்துக்கு இப்படிச் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. கடனில் உழுகிறவனிடம் முகமூடி வாங்கு, பூட்ஸ் வாங்கு என்பது கேலியாகத் தொனிக்கும். வெயிலும் கூட்டுச்சேரும், 40 டிகிரியில் உடல் மூடிய கவசம் போட்டு மருந்தடிக்கச் சொல்வது ஓர் ஆபத்தை நீக்கி இன்னோர் ஆபத்தைக் கொடுப்பதாகும். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தபோது, செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததும், மருந்துகளைக் கலந்து அடித்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. தலைக்கு மேலிருந்து சாரல் திரும்பி விழும் இடத்தில் கைக்குட்டை முகமூடி எதைத் தடுக்கும்? ஆனால் இந்த வாதம் சரியென்றால் அது அகிம்சைக்கு எதிராக நிற்கவில்லை. கவசத்தை முதல் பதிலாக எண்ணும் பழக்கத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. பாதுகாப்பியலும் கவசத்தைக் கடைசி வரிசையில்தான் வைக்கிறது. முதலில் ஆபத்தை நீக்கு. முடியாவிட்டால் கடுமை குறைந்ததை மாற்றாக வை. பிறகு ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு. எல்லாம் தீர்ந்த பின் கவசம். இலங்கை 1995-ஐ ஒட்டி மிகக் கடும் நஞ்சுகளை விலக்கியது. அங்கே தற்கொலைச் சாவு விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தத் தடைகளால் விளைச்சல் விழுந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. அடிக்காத மருந்துக்குச் செலவில்லை. வெயிலுக்கு முன் வேலையைத் தொடங்குவதற்கும் காற்றின் திசை பார்த்து நிற்பதற்கும் காசு வேண்டாம். வேண்டியது, வேலையை நிறுத்தச் சொல்ல வீட்டில் யாருக்காவது அதிகாரம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு குற்றச்சாட்டு மிஞ்சும்: பாதிக்கப்படுகிற உழவன் தலையிலேயே பழியைப் போடுகிறீர்கள், உறை இல்லாத மெஷினை விற்றவனும், மும்முனை மின்சாரத்தை நள்ளிரவில் தருகிறவனும் தப்பித்துக்கொள்கிறான். நான் எடுத்துக்கொண்ட நெறியே இவர்களைத் தப்பவிடாது. பயனற்ற தீங்கை விலக்கும் இல்லற விரதத்தின் கீழ், கொல்லும் கருவியைப் பிறர் கையில் கொடுப்பதும் குற்றமாக எண்ணப்படுகிறது. கோடாரி, மண்வெட்டி, நெருப்பு, நஞ்சு என்று பண்ணைச் சாமான்களும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகின்றன. எந்தப் பூச்சிக்கு எந்த அளவு என்று சொல்லாமல், இரண்டு மூன்றைக் கலந்து அடி என்று அனுப்பும் கடைக்காரர் இதற்குள் வருகிறார். கதிரடிக்கும் மெஷின்களில் கை இழப்பவர்கள் பெருகியதால் நாடாளுமன்றம் 1983-இல் அபாயகர இயந்திரங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, தயாரிப்பவரையும் விற்பவரையும் பொறுப்பாளியாக்கியது அதே தர்க்கத்தில்தான். அதைப் பல ஊர்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை என்பது அரசின் இம்சை. பொறுப்பு சோறு அல்ல, ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறைவதற்கு. விற்றவர் முழுப் பொறுப்பாளி என்பதால் மாட்டாதவர் பொறுப்பு அரையாகிவிடாது.

கடைசி வாதம் சுதந்திரத்தினுடையது. என் நிலம், என் உடம்பு. ஆபத்தை ஏற்பது என் இஷ்டம். தனி ஆளாக நின்று தனக்கு மட்டும் நேரக்கூடிய தீங்கை ஒருவர் தெரிந்தே ஏற்றால் அவரைத் தடுக்க எனக்கு வாதம் கிடையாது. குடும்ப நிலத்தில் அப்படிப்பட்ட தனி ஆள் இருப்பதில்லை. காட்டுப்பன்றிக்கு என்று கம்பி கட்டி நேரடியாக மின்சாரம் பாய்ச்சுகிறவர்களைப் பாருங்கள். முறையான சூரிய மின்வேலி நொடிக்கும் மிகக் குறைந்த நேரத் துடிப்பாக அதிர்ச்சி கொடுத்து விரட்டும். நேரடி இணைப்பு தொட்டதைக் கொல்லும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே வகைக் கம்பியில் கட்டியவரும் அவர் மனைவியும் பக்கத்து வயல்காரரும் இறந்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. கம்பிக்கு உரிமையாளர் யார் என்று தெரியாது. உழவனின் உடம்பின் மேல் கடனும் குழந்தைகளின் படிப்பும் வயதானவர்களின் கஞ்சியும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அவன் எடுக்கும் துணிச்சலின் விலையைக் கட்டப்போகிறவர்களிடம் அவன் கேட்டதில்லை. அரசின் விபத்து நிவாரணம் சாவுக்குப் பிறகு வரும் காசோலை. அதை வாங்குகிறவள் அந்த இஷ்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் அல்ல.

இந்த அறம் நடைமுறையில் எப்படி இருக்கும்? புதுச் சடங்கு எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜையன்று டிராக்டரைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அன்று வேலை வாங்காமல் நிறுத்திவைக்கிற வழக்கம் இருக்கிறது. உறையில்லாத தண்டுக்குப் பொட்டு வைக்கும் கை, முதலில் உறையை மாட்டியிருக்கலாம். ஃபியூஸ் இடத்தில் முறுக்கிய கம்பி, தோல் உரிந்த மோட்டார் வயர், கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு ஆகியவற்றைச் சரிபார்த்து முடித்த பிறகே கற்பூரம் என்று ஒரு குடும்பம் வைத்துக்கொண்டால் அது பூஜையைக் குறைத்ததாகாது. ஆண்டுக்கு ஒருநாள் போதாது என்பதைச் சமணம் அறிந்திருந்தது. அன்றாடம் நேர்ந்த தவறுகளை, தெரியாமல் நேர்ந்தவையும் உட்பட, எண்ணிப் பார்த்து ஒப்புக்கொள்ளும் பிரதிக்கிரமணம் அதன் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. களத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு இன்று எது கைமீறப் பார்த்தது, யார் கால் வழுக்கியது, யாருக்குத் தலை சுற்றியது, நாளை அதற்கு என்ன செய்வது என்று பேசுவதற்குக் கால் மணி நேரம் ஆகாது. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. மருந்தடித்துவிட்டு வாந்தி வந்ததை மகன் சொன்னால் சோம்பேறி என்று பேர் வரும். தாள் அள்ளுகிற கூலிப்பெண் மெஷினைக் குறை சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. இவர்கள் வாய்மூடி இருக்கும் வரை எந்தப் பிரதிக்கிரமணமும் வெறும் முணுமுணுப்புத்தான். உறையைக் கழற்றச் சொன்னவர் யாரோ அவர்தான் அந்த ஒப்புக்கொள்ளலைத் தொடங்க வேண்டும். அகிம்சையில் மூத்தவருக்கு உரிய முன்னுரிமை அது ஒன்றுதான்.